ஏழாவது படம்

இருபத்து மூன்று வருடமாக அவள் எழுதியதை யாருமே படித்ததில்லை. அடக்கத்துக்காகச் சொல்வதல்ல இது, உள்ளதைச் சொல்வது. மிக்ஸி வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாகத் தூக்கிப் போடுகிற சின்னப் புத்தகம் இருக்கிறதல்லவா, அதை எழுதுகிறவள் அவள். மிக்ஸி, தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் மெஷின், ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி என்று நூற்றுப்பத்துக்கு மேல் எழுதித் தள்ளியிருக்கிறாள். "ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள்" என்று எழுதி எழுதியே வயது நாற்பத்தாறு ஆகிவிட்டது. ஊரில் பாதிப்பேர் இன்னும் ஈரக் கையால்தான் தொடுகிறார்கள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவரும் எந்தக் கையேட்டையும் திறந்து பார்த்ததில்லை. "உன் புத்தகத்தையெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்" என்பார். எங்கே என்று கேட்டால் சாப்பாட்டு மேஜையின் ஆடுகிற காலைக் காட்டுவார்.

எட்டு மாதத்துக்கு முன் அவள் சேர்ந்த இடம் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிற சின்ன கம்பெனி. மொத்தம் பதினான்கு பேர். சேர்ந்த வாரத்திலேயே எல்லாருக்கும் அவள் கையேட்டக்கா ஆகிவிட்டாள். கம்பெனி செய்வது ஒரே ஒரு பொருள்தான், ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற ஒரு கருவி. கம்ப்யூட்டர் திரையில் தெரிவதை அப்படியே படமாகப் பிடித்துக் கொடுக்கும். இதில் என்ன புதுமை, என் ஃபோனே எடுக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அவளும் கேட்டாள். இதைப் பயன்படுத்தப் போவது மனிதர்கள் இல்லை என்றார்கள். ஏஐ ஏஜென்ட்டுகள். அதாவது, ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் கூடவே நிற்காமல் தானாகச் செய்து முடித்துவிட்டு வருகிற புரோகிராம்கள். அவற்றுக்குக் கண் கிடையாது. திரையில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டுமானால் இந்தக் கருவியைக் கூப்பிட்டுப் படம் எடுத்துத்தான் பார்க்கவேண்டும். எப்படிக் கூப்பிடுவது, எதை எடுப்பது, எங்கே சேமிப்பது, எடுத்ததை என்ன செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி வைக்கவேண்டும். அந்தப் பக்கம்தான் அவள் வேலை.

முதல் நாள் புரோகிராமர் சொன்னது அவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அக்கா, ஏஜென்ட் ஒவ்வொரு தடவை வேலையை ஆரம்பிக்கும்போதும் உங்க பக்கத்தை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் படிச்சிட்டுத்தான் ஆரம்பிக்கும். எழுதினதை எழுதினபடி செய்யும்."

வீட்டில் போய்ச் சொன்னாள். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "கடைசியில உனக்கும் ஒரு வாசகர் கிடைச்சிட்டாரு. என்ன, மனுஷன் இல்லை, அவ்வளவுதான்." அவளும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் இல்லை என்பதுதான் நிஜம்.

அந்த சந்தோஷத்தில் மண்ணை அள்ளிப் போட்டவர் சோதனையாளர். கம்பெனி வெளியே அனுப்புகிற எதையும் முதலில் உடைத்துப் பார்க்கிற வேலை அவருக்கு. ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, யாரையும் நேராகப் பார்க்காமல் தலையைக் கொஞ்சம் சாய்த்து ஓரமாகப் பார்க்கிற பழக்கம். எவ்வளவு சின்னத் தப்பும் அவரிடமிருந்து தப்பாது. அதனால் அவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி.

அவளுடைய பக்கத்தை அவர் சோதித்த விதம் இதுதான்: நாற்காலியைப் பின்னால் சாய்த்து, விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். "படிங்க" என்பார். அவள் ஒரு வரி படிக்கவேண்டும். அவர் அந்த வரி சொன்னதை மட்டும் செய்வார். அதில் இல்லாத எதையும் செய்யமாட்டார்.

"அண்ணே, பக்கத்தை உங்களுக்கு அனுப்பிடறேனே, நீங்களே படிச்சுப் பாருங்களேன்" என்று முதல் வாரமே சொல்லிப் பார்த்தாள்.

"கண்ணால படிச்சா, விட்டுப்போனதை மூளையே நிரப்பிக்கும்மா. காதால கேட்டாத்தான் ஓட்டை தெரியும். படிங்க."

படித்தாள். 'தேவைப்பட்டால்' என்று வந்த இடத்தில் நிறுத்தினார். யாருக்குத் தேவைப்பட்டால் என்றார். 'உரிய இடத்தில்' என்று வந்தபோது, எது உரிய இடம், முகவரி சொல்லுங்க என்றார். 'எடுங்கள்' என்று அவள் மரியாதையாக எழுதியிருந்ததை 'எடு' என்று ஆக்கச் சொன்னார். அது மட்டும் அவளுக்கு மனசே வரவில்லை. முகம் தெரியாத ஒன்றை எப்படி வா போ என்பது? "அது கோவிச்சுக்காது, நான் பொறுப்பு" என்றார். முதல் நாள் நாற்பது வரியில் நாலு வரிதான் மிஞ்சியது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மெசேஜ் அனுப்பினால் பதில் வராது. "எனக்கு மெசேஜ் வேண்டாம். எழுந்து வந்து சொல்லுங்க" என்பார். தலைக்கனம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவளும் வீட்டில் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள். ஆனால் எட்டு மாதத்தில் அவள் எழுத்து தேறிவிட்டது. அவளுக்கே தெரிந்தது. ஒரு வரி எழுதி முடித்ததும் காதுக்குள் "படிங்க" என்று கேட்கும், உடனே ஓட்டை தெரிந்துவிடும்.

அவர் காதுக்குப் போகாமல் பக்கத்துக்குள் நுழைந்தது ஒரே ஒரு வரிதான். போன மாதம் அவர் சொந்தத்தில் கல்யாணம் என்று இரண்டு நாள் லீவில் இருந்தபோது எழுதியது. "எந்தப் பகுதியை எடுப்பது என்று தெளிவாகத் தெரியாவிட்டால், முழுத்திரையையும் எடு." எதற்கும் இருக்கட்டுமே என்று எழுதினாள். மனிதர்களுக்கு எழுதி எழுதி வந்த புத்தி அது. படிக்கிறவன் தடுமாறி நிற்கக்கூடாது, கைக்கு ஏதாவது கொடுத்து அனுப்பிவிடவேண்டும். நல்ல எண்ணத்தில்தான் எழுதினாள். அதைத்தான் பின்னால் நினைத்து நினைத்து நொந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. அலுவலகத்தின் பதினான்கு கம்ப்யூட்டரிலும் ஏஜென்ட்டை விட்டிருந்தார்கள். காலையிலிருந்து யாருடைய வேலையில் கோளாறு வந்தாலும் அது அந்தத் திரையைப் படம் பிடித்து ஒரு ஃபோல்டரில் சேர்த்துக்கொண்டே வரும். மூன்றே முக்காலுக்கு எல்லாப் படத்தையும் தொகுத்து, நாலு மணிக்கு அறிக்கையாக அனுப்பிவிடும். பதினான்கு பேருக்கும் போகும், கருவியை வாங்கவிருக்கிற கம்பெனிக்கும் போகும். அப்புறம் எல்லாரும் சுவரில் இருக்கிற பெரிய திரையின் முன் நின்று அதைப் பார்க்கவேண்டும்.

இரண்டரை மணிக்கு, தன் வாசகர் என்ன லட்சணத்தில் படித்திருக்கிறார் பார்ப்போம் என்று ஃபோல்டரைத் திறந்தாள். பன்னிரண்டு படம். முதல் ஆறும் அளந்து வெட்டினது போல் இருந்தன. பிழைச்செய்தி எங்கே இருக்கிறதோ அது மட்டும், சுற்றி ஒன்றும் இல்லை. பெருமையாகத்தான் இருந்தது. ஏழாவதைத் திறந்தாள்.

முழுத்திரை. இடதுபுறம் கோளாறு. வலதுபுறம் வேறொரு சன்னலில் ஒரு கடிதம். அதன் எழுத்துகள் கடைப் பலகையில் எழுதுகிற அளவுக்குப் பெரிசாக இருந்தன. அவ்வளவு பெரிசானதால் கொஞ்சம்தான் தெரிந்தது. தெரிந்த கொஞ்சம் போதுமானதாக இருந்தது. "இரு கண்களிலும் நடுப்பார்வை பெருமளவு போய்விட்டது. ஓரப்பார்வை மட்டும் எஞ்சியுள்ளது. திரையைப் பார்த்துச் செய்யும் வேலையை..." அதற்கு மேல் சன்னல் முடிந்துவிட்டது. மேலே கண் மருத்துவமனையின் முத்திரை. கீழே படத்தின் பெயரோடு கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் யார் என்றும் இருந்தது. சோதனையாளர்.

சட்டென்று படத்தை மூடிவிட்டு அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. மறுபடி திறந்தாள்.

ஓரமாகத் தலையைச் சாய்த்துப் பார்க்கிற பழக்கம். எழுந்து வந்து சொல்லுங்க என்கிற தலைக்கனம். கல்யாணம் என்று எடுத்த இரண்டு நாள் லீவு. கண்ணை மூடிக்கொண்டு "படிங்க". எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. அந்த மனிதர் எட்டு மாதமாக அவள் எழுத்தை ஒரு வரி கூடப் பார்த்ததில்லை. பார்க்க முடியவில்லை. அதை யாருக்கும் தெரியாமல் ஒரு வேலை முறையாகவே ஆக்கி, அவளையும் நம்ப வைத்து, அவளையும் ஆளாக்கியிருக்கிறார். தான் வீட்டில் உட்கார்ந்து திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து அவளுக்குக் கூசியது.

தெரிந்தால் என்ன ஆகும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சில மாதத்துக்கு முன் இதே அலுவலகத்தில் படம் வரைகிற பெண்ணுக்கு மணிக்கட்டில் வலி. அந்தப் பெண் யாரிடமும் வாய் திறக்கவில்லை, எப்படியோ கசிந்துவிட்டது. "கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கோங்க" என்று மேலாளர் அன்பாகத்தான் சொன்னார். அடுத்த வாரமே அவள் நாற்காலியில் வேறு ஆள். அப்போது பூதக்கண்ணாடி ஒருவர்தான் வாய்விட்டுப் பேசினார். "அவளே போய்ச் சொல்லியிருந்தா, என்னால இது முடியும், இது முடியாதுன்னு பேசியிருப்பா. மத்தவங்க வாயிலேருந்து வந்ததும் அவளுக்குப் பேச இடமே இல்லாமப் போச்சு."

இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அவருக்கும் அதே கதி. அதுவும் சுவர் அளவு திரையில், கடைப் பலகை எழுத்தில். செய்தது அவள் வரி.

ஃபோல்டரிலிருந்து படத்தை அழிக்கப் பார்த்தாள். அனுமதி இல்லை என்றது. அனுமதி புரோகிராமரிடம் மட்டும்தான். கூப்பிட்டாள். ஃபோன் அணைத்திருந்தது. "பல் டாக்டர்கிட்ட போயிருக்கான், வேர் வரைக்கும் நோண்டணுமாம்" என்றான் பக்கத்து மேஜைக்காரன். ஊரே கவிழ்ந்தாலும் இப்போது அவன் வாயைப் பிளந்துகொண்டு படுத்துத்தான் கிடக்கவேண்டும். மேலாளரிடம் போய் அறிக்கையை நிறுத்துங்கள் என்றால் ஏன் என்று கேட்பார். சோதனையாளரோ கண்ணாடி அறைக்குள் மேலாளரோடும் வாங்க வந்த இரண்டு பேரோடும் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, உடனே வெளிய வாங்க" என்று மெசேஜ் அனுப்பினாள். அவர் கைக்குப் பக்கத்தில் ஃபோன் ஒளிர்வது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவர் பார்க்காமலே அதைக் குப்புறப் போட்டார். அனுப்பின பிறகுதான் அவளுக்கு உறைத்தது, யாருக்கு என்ன அனுப்புகிறோம் என்று.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். அந்தப் பக்கம். அது அவளுடையது. தொகுக்க ஆரம்பிக்கும்முன் ஏஜென்ட் அதை மறுபடி முழுக்கப் படிக்கும். எழுதினதை எழுதினபடி செய்யும்.

உட்கார்ந்தாள். மணி இரண்டு ஐம்பது.

முதலில் அந்த முழுத்திரை வரியை எடுத்தெறிந்தாள். அது இனி வரப்போகிற படத்துக்குத்தான் உதவும், எடுத்து முடித்ததற்கு ஆகாது. "முழுத்திரைப் படங்களை அழி" என்று எழுதினாள். காதுக்குள் "படிங்க" கேட்டது. மற்ற திரைகளிலும் முழுப் படமாகவே எடுக்கவேண்டிய கோளாறுகள் இருந்தன, அதுவும் சேர்ந்து போகும். காலையிலிருந்து பதினான்கு பேர் பட்ட பாடு குப்பைக்குப் போகும். அழித்தாள். "அந்தரங்கமானது தெரிகிற படத்தைச் சேர்க்காதே" என்று எழுதினாள். எது அந்தரங்கம்? முகவரி சொல்லுங்க. "ஒரு தனி மனிதருக்கு வந்த கடிதம், மருத்துவக் குறிப்பு, குடும்பப் படம்" என்று ஒவ்வொன்றாக எழுதினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்று மணி பத்து நிமிடம்.

பக்கத்தை மேலிருந்து ஒரு தடவை வாய்க்குள் படித்துப் பார்த்தாள். கீழே வந்தபோது பழைய வரி ஒன்று எதிரே வந்து நின்றது. "ஒரு படத்தை விட்டுவிட்டால், எந்தப் படம், எதனால் என்று அறிக்கையில் தெளிவாக எழுது."

அது என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அதன் நேர்மையில் அது எழுதும்: ஏழாவது படம் விடப்பட்டது, காரணம், சோதனையாளரின் கண் மருத்துவரின் கடிதம் அதில் தெரிகிறது. படமே போயிருந்தால் கூடச் சிலர் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். இது எழுத்தில் போகும்.

அந்த வரியை எடுத்துவிடலாம்தான். ஆனால் அந்த வரியைக் கேட்டு வாங்கி வைத்தவர் அவரேதான். "விட்டதைச் சொல்லாம விடற கருவியை எவன் நம்புவான்? ஒண்ணை ஒளிச்சா எல்லாத்தையும் ஒளிக்கும்" என்று அன்றைக்கு மேஜையைத் தட்டினார். அவரைக் காப்பாற்ற அவர் வைத்த வரியையே பிடுங்குவதா? விரல் அழிக்கிற பட்டன் மேலேயே நின்றது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி அறைக்குள் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது.

பிறகு, 'சேர்க்காதே' என்றதை அழித்துவிட்டு ஒரே மூச்சில் அடித்தாள். "அப்படிப்பட்ட படம் இருந்தால், அதைச் சேர்க்கும்முன் அந்தக் கம்ப்யூட்டரின் சொந்தக்காரரிடம் அவர் திரையிலேயே கேள். அவர் பதிலை அவரே தரவேண்டும், வேறு யாரும் தரக்கூடாது. வேண்டாம் என்றால் விட்டுவிடு. அறிக்கையில், சம்பந்தப்பட்டவர் கேட்டுக்கொண்டபடி ஒரு படம் விடப்பட்டது என்று மட்டும் எழுது. அவர் யார், படத்தில் என்ன என்று எழுதாதே." வாய்க்குள் படித்தாள். ஓட்டை தெரியவில்லை. பொய்யும் இல்லை. மூன்று முப்பத்தெட்டுக்குச் சேமித்தாள்.

மூன்றே முக்காலுக்கு ஏஜென்ட் கிளம்பியது. அது செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதிக்கொண்டே போகிற பதிவு அவள் திரையில் ஓடியது. பக்கம் படிக்கப்பட்டது. படம் ஒன்று, சேர்க்கப்பட்டது. படம் இரண்டு, சேர்க்கப்பட்டது. ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் நகர்ந்தது. படம் ஆறு, சேர்க்கப்பட்டது. படம் ஏழு, தனி மனிதரின் கடிதம் தெரிகிறது, சொந்தக்காரரிடம் கேட்கப்படுகிறது.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். சாய்ந்தவள் அடுத்த கணம் எழுந்து நின்றாள்.

கேட்கப்படுகிறது. எங்கே? அவர் திரையில். எப்படி? சின்ன எழுத்தில் ஒரு கட்டம், கீழே இரண்டு பட்டன். இடதில் 'சேர்க்கலாம்'. வலதில் 'வேண்டாம்'. மனிதனில்லாத வாசகருக்கு ஒரு ஓட்டை இல்லாமல் எழுதிவிட்டாள். கேள்வியைப் படிக்கவேண்டிய மனிதரால் படிக்க முடியாது என்பதை ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன் தெரிந்துகொண்ட ஒரே ஆள், அதையே மறந்துவிட்டாள். அப்படி ஒரு மடத்தனம். சோதனையின்போது கட்டம் எது வந்தாலும் அவர் இடது பட்டனைத்தான் தட்டுவார், ஒரு நாளைக்கு நூறு தடவை. எட்டு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாளே.

அவர் தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். அறையின் அந்தக் கோடி. ஓடினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நடந்தாள். காப்பி மெஷின் பக்கத்தில் நின்றிருந்த மேலாளர் வழியை மறித்தார்.

"கையேட்டக்கா, ரிப்போர்ட் நாலுக்கு வந்துடுமில்ல?"

"வந்துடும் சார்."

"ஏன் வேர்த்து வழியுது உங்களுக்கு?"

"முதல் தடவையா என்னை ஒருத்தர் படிக்கிறாரில்ல, அதான்." எங்கிருந்து வந்தது அந்தப் பதில் என்று அவளுக்கே தெரியாது. மேலாளர் சிரித்து வழி விட்டார்.

சோதனையாளர் திரையில் கட்டம் வந்துவிட்டிருந்தது. அவர் தலையைச் சாய்த்து ஓரமாக ஒரு தடவை பார்த்தார். கை மவுஸுக்குப் போனது. அம்பு இடது பக்கம் நகர்ந்தது.

"அண்ணே, கையை எடுங்க!"

கத்திவிட்டாள். நாலு பேர் திரும்பினார்கள். அவர் கை அப்படியே நின்றது. அவள் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எல்லாருக்கும் கேட்கிற குரலில், "புது வரி ஒண்ணு எழுதியிருக்கேன். படிக்கிறேன், கேளுங்க" என்றாள். திரும்பினவர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பிக்கொண்டார்கள். இது தினமும் நடக்கிற கூத்துதானே.

"படிங்க" என்று அவர் பழக்கப்படி கண்ணை மூடினார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்கள் திரையில் எடுத்த ஒரு படத்தில், உங்களுக்குக் கண் மருத்துவமனையிலிருந்து வந்த கடிதம் தெரிகிறது. இந்தப் படத்தை அறிக்கையில் சேர்க்கலாமா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கன்னம் மட்டும் ஒரு தடவை துடித்தது.

"எழுத்து பெரிசா இருந்திருக்குமே" என்றார்.

"ஆமாண்ணே."

"எத்தனை பேர் பார்த்தாங்க?"

"நான் ஒருத்திதான்."

"அடுத்த மாசம் டாக்டர் இன்னொரு தடவை பார்க்கணும்னாரு. பார்த்துட்டு நானே போய்ச் சொல்லிடலாம்னு இருந்தேன்." நிறுத்தினார். "உங்களை எட்டு மாசம் ஏமாத்திட்டேன்மா. மன்னிச்சுக்கோங்க."

"நீங்க படிக்க வைக்கலைன்னா நான் இன்னும் 'தேவைப்பட்டால்'னு எழுதிக்கிட்டிருப்பேன்" என்றாள். மணி மூன்று ஐம்பத்தேழு. "அண்ணே, பதில் சொல்லுங்க. மூணு நிமிஷம்தான் இருக்கு."

"வேண்டாம்னு போட்டுடுங்க."

"நான் போடக்கூடாது. நீங்களே போடணும்னு எழுதியிருக்கேன்."

அந்த நேரத்திலும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "சரியாத்தான் எழுதியிருக்கீங்க." கண்ணைத் திறந்து மவுஸைப் பிடித்தார். அம்பு கட்டத்துக்குள் அங்கும் இங்கும் அலைந்தது. எத்தனை ஆயிரம் தப்பைக் கண்டுபிடித்த மனிதர்! "எந்தப் பக்கம் இருக்கு அது?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்பது போல் மெதுவாகக் கேட்டார்.

"வலது பக்கம், அண்ணே. இன்னும் கொஞ்சம். கொஞ்சம் கீழ. அங்கதான்."

தட்டினார். கட்டம் மறைந்தது.

நாலு மணி மூன்று நிமிடத்துக்குப் பல் டாக்டரிடம் போனவனைத் தவிர எல்லாரும் சுவர்த்திரையின் முன் நின்றார்கள். பதினொரு படம். கடைசியில் ஒரு வரி: சம்பந்தப்பட்டவர் கேட்டுக்கொண்டபடி ஒரு படம் விடப்பட்டது. மேலாளர் அந்த இடத்தில் நிறுத்தினார்.

"இது யாரு? எதை விட்டிருக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் என்ன உளறுவோமோ என்று பயமாக இருந்தது. பின்வரிசையிலிருந்து அவர் குரல் வந்தது.

"நான்தான். திங்கட்கிழமை காலைல உங்க ரூமுக்கு வர்றேன் சார். நானே சொல்றேன்."

திங்கட்கிழமை உள்ளே போனவர் நாற்பது நிமிடம் வெளியே வரவில்லை. அவள் அன்று ஒரு வரி கூட எழுதவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததும் நேராக அவள் மேஜைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாரு அண்ணே?"

"ஓய்வெடுத்துக்கோங்கன்னாரு. எனக்கு எது முடியும், எது முடியாதுன்னு நான் ஒவ்வொண்ணாச் சொன்னேன். அடுத்த மாசம் டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் இருக்கச் சொல்லியிருக்காரு. அப்புறம் பார்க்கலாமாம்." அதை ஒன்றும் பெரிசாக்காமல் சொன்னார். "அது கிடக்கட்டும். உங்க பக்கத்துல ஒரு ஓட்டை இருக்கு. எழுதிக்கோங்க. 'கேள்வியைத் திரையில் காட்டுவதோடு நிறுத்தாதே. குரலில் படித்தும் காட்டு.'"

எழுதினாள். பக்கத்தில் எந்த வரியைச் சேர்த்தாலும் அதை ஒட்டியே காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அலுவலகத்தில் எல்லாரும் அதைப் பார்க்கலாம். அவள் விரல் அங்கே தயங்கியது.

"காரணத்துல என்ன போடட்டும் அண்ணே? பொதுவா ஏதாவது..."

"முகவரி சொல்லுங்க கையேட்டக்கா" என்றார். "'நம் சோதனையாளருக்குக் கண் சரியாகத் தெரியாது.' அப்படியே போடுங்க."

போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"படிங்க" என்றார். "கொஞ்சம் சத்தமாவே படிங்க."

அவள் எழுந்து நின்று படித்தாள். காப்பி மெஷின் பக்கத்தில் இருந்தவர்கள் உட்பட எல்லாருக்கும் கேட்டது.